உரிமை இல்லை என்று ஒரு வரி

1

வெளிநாட்டிலிருந்து இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் பனியைப் பற்றி எழுதிவிட்டார்கள். குழாயில் தண்ணீர் உறைந்ததை எழுதிவிட்டார்கள். தேங்காய் கிடைக்காத கஷ்டத்தையும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதெல்லாம் வேண்டாம். லண்டனுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. பனி பெய்கிறது, அவ்வளவுதான். நான் எழுத வந்தது ஒரு வரியைப் பற்றி. என் கையால் நான் எழுதிய வரி. அதனால் ஒரு ஆள் செத்துப்போனான்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் ஒருவருக்கும் அது புரிவதில்லை. ஒருவன் புதிதாக ஒரு பொருளைக் கண்டுபிடித்தால், அதை மற்றவர்கள் செய்து விற்காமல் தடுக்கும் உரிமையைச் சில வருடங்களுக்குச் சர்க்கார் அவனுக்குக் கொடுக்கிறது. பேட்டண்ட் என்பது அதுதான். பதிலுக்கு அவன் அந்தப் பொருளைச் செய்யும் விதத்தைப் படம் போட்டு, எதையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்த தாள்கள் இங்கே அறை அறையாகக் கிடக்கின்றன. அவற்றில் வேண்டியதைத் தேடி எடுப்பது எப்படி என்று இஞ்சினியர்களுக்கும் வக்கீல்களுக்கும் நான் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு தனியார் கம்பெனியின் கீழ்த்தள அறையில், வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு.

முதல் நாள் மேஜை மேல் ஒரு பென்சில் சீவியை வைப்பேன். "பெயரைச் சொல்லக் கூடாது. இது என்ன வேலை செய்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்" என்பேன். பெரிய படிப்புப் படித்தவர்கள் திணறுவார்கள். ஒரே சாமானுக்கு இங்கே ஒரு பெயர், பக்கத்து ஊரில் ஒரு பெயர், ஐம்பது வருடத்துக்கு முன்னால் வேறு பெயர். அதனால் தாள்களைப் பெயரை வைத்து அடுக்காமல், பொருள் செய்யும் வேலையை வைத்து வகை பிரித்து, வகைக்கு ஒரு எண் போட்டு அடுக்கியிருக்கிறார்கள். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன்தான் தேடத் தெரிந்தவன்.

எனக்கு இது புதிதில்லை. என் மதினி ரோசம்மா, லாரிப் பட்டறை வைத்திருக்கும் என் அண்ணன் சூசையின் பெயரை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாதாம். கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான பெருமாள்மலையின் கடைத்தெருவில் நின்று, "லாரிக்குப் பட்டை மாத்துறவுக இந்தப் பக்கம் வந்தாகளா?" என்று கேட்டே கண்டுபிடித்துவிடுவாள். வகுப்பில் இதைச் சொன்னால் வெள்ளைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்தாலும் அதற்குப் பிறகு பாடம் மறப்பதில்லை.

போன மாதம் வகுப்புக்கு மெட்ராஸிலிருந்து ஒரு இஞ்சினியர் வந்திருந்தார். ஏதோ தொழிற்சாலையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அவர் கையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டார். "காலம் முடிந்துபோன பழைய பேட்டண்டுகளை எதற்கு அம்மா தேட வேண்டும்? செத்த தாள்தானே?"

நான் எப்போதும் சொல்கிற பதிலையே சொன்னேன். "காலம் முடிந்துவிட்டால் அது எல்லோருக்கும் சொந்தம். யாரும் யாரையும் தடுக்க முடியாது. படத்தைப் பாருங்கள், செய்யுங்கள், விற்றுக்கொள்ளுங்கள்."

சொல்லி முடித்ததும்தான் அது என் காதிலேயே விழுந்தது. அன்று சவேரி செத்து ஒரு வருடம். காலையில் மாதா கோயிலில் அவனுக்காகப் பூசை கேட்டுவிட்டுத்தான் வகுப்புக்கு வந்திருந்தேன். என் மகள் ஹெலன் கூட வரவில்லை. "சவேரி யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஏழு வயதில் லாரியில் அவன் மடியில் உட்கார்ந்துதான் மலை ஏறினாள். அவளுக்கு ஞாபகம் இல்லை.

2

ஆறு வருடத்துக்கு முன் நானும் ஹெலனும் ஒரே ஒரு தடவை ஊருக்குப் போனோம். வத்தலக்குண்டில் பஸ்ஸுக்குக் கூட்டம் தாங்கவில்லை. அண்ணன் சிமெண்டு லாரி ஒன்றை ஏற்பாடு செய்து தானே கூட வந்தார். அந்த லாரியின் கிளீனர் சவேரி. மதினிக்கு உடன்பிறந்த அண்ணன். என் அண்ணனுக்கு மச்சான், வயதில் மூத்தவன், ஆனாலும் ஊரே அவனை அவன் இவன் என்றுதான் சொல்லும். அவனும் அப்படித்தான் எல்லோரிடமும் பழகுவான்.

மலைப் பாதையில் கிளீனரின் முக்கியமான சோலி என்ன என்று சமவெளிக்காரர்களுக்குத் தெரியாது. பாரம் ஏற்றிய லாரி ஏற்றத்தில் நின்றால் பின்னால் உருளும். கை பிரேக்கு தாங்காது. டிரைவர் "கட்டை!" என்று கத்துவார். கிளீனர் ஒரு மரக்கட்டையோடு கீழே குதித்து, உருளுகிற பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுக்க வேண்டும். லாரி திரும்பக் கிளம்பியதும் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி ஏற வேண்டும். மழையில், சேற்றில், பள்ளத்தின் ஓரத்தில். சவேரிக்கு இடது கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டும் கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் போய்விட்டன.

"பீடி பிடிக்க ரெண்டு போதும், ஒண்ணு உபரி" என்று ஹெலனிடம் கையை விரித்துக் காட்டினான். அவள் பயப்படாமல் எண்ணிப் பார்த்தாள்.

அன்றைக்கு அவன் குதிக்கவே இல்லை. மூன்று இடத்தில் நின்றோம். மூன்று தடவையும் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கொக்கியிலிருந்து ஒரு கயிற்றை அவிழ்த்துவிட்டார். பின்னால் தொம் என்று ஏதோ விழுந்தது. லாரி அரை அடி உருண்டு அப்படியே நின்றது.

"என்னண்ணே அது?" என்றேன்.

"எறங்கிப் பாரு தாயி."

பின்சக்கரத்துக்குப் பின்னால் ஆப்பு மாதிரி ஒரு கட்டை, அடியில் இரும்புப் பட்டை. இரண்டு சங்கிலியால் அச்சோடு கட்டியிருந்தது. கயிற்றை விட்டால் விழும், சக்கரம் அதன் மேல் ஏறி உட்காரும். லாரி முன்னால் போனால் கட்டை சங்கிலியோடு இழுபட்டு வரும். கயிற்றை இழுத்து மாட்டிவிட்டால் சரி.

"இவுக கண்டுபிடிச்சது" என்றான் சவேரி. "தங்கச்சிய எனக்குக் கட்டிக் குடுன்னு கேட்டப்ப இந்த மூளைய எங்க வச்சிருந்தாரோ தெரியல. இருந்திருந்தா இன்னும் வெரசாக் குடுத்திருப்பேன்."

"ஏலே மச்சான், வாய மூடு. ஒனக்காகத்தான் ரெண்டு வருசமா மண்டையப் பிச்சுக்கிட்டேன்."

"எனக்காகவா? குதிக்குற சோலி போச்சுன்னா மொதலாளி கிளீனரே வேணாம்பான். என் பொழப்புக்கு ஒல வைக்கிறீரு மாப்ள."

சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது அந்தக் கட்டையைத் தட்டிக் கொடுத்தான். மாட்டைத் தட்டிக் கொடுப்பது போல. நான் பார்த்தேன்.

லண்டனுக்குத் திரும்புகிற அன்று அண்ணன் கேட்டார். "நீ அந்தத் தாளு அடுக்குற ஆபீசுலதான இருக்க? இதே மாதிரி வேற எவனாச்சும் செஞ்சிருக்கானான்னு பாத்துச் சொல்லு. இல்லைன்னா நம்ம பேர்ல பதிஞ்சிருவோம். நாலு மலைக்குப் போகும் தாயி இது."

3

அப்போது நான் வகுப்பு எடுக்கவில்லை. தாள்களைப் பெட்டியில் அடுக்குகிற குமாஸ்தா. ஆனாலும் எல்லாம் தெரியும் என்ற திமிர் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் நான்கு நாள் தேடினேன். பெயர்களை அகர வரிசையில் போட்ட பட்டியலில் பிரேக்கு என்று பார்த்தேன். ஆப்பு என்று பார்த்தேன். கட்டை என்பதற்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல் எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "அண்ணே, இது புதுசுதான். தைரியமாகப் பதியுங்கள்" என்று எழுதினேன்.

அண்ணன் மதுரையில் ஒரு வக்கீலைப் பிடித்து விண்ணப்பம் போட்டார். படிவத்தில் அப்பா பெயரை எங்கே எழுதுவது, ஊர்ப் பெயரை எங்கே எழுதுவது என்று மூன்று தடவை திரும்பி வந்தது. படத்தில் கோடு தடிமனாக இருக்கிறது என்று ஒரு தடவை வந்தது. அண்ணன் எட்டாவதுதான். பட்டறையை மூடிவிட்டு மதுரைக்கும் பெருமாள்மலைக்கும் நடையாக நடந்தார். அதற்குள் ஒன்பது லாரியில் கட்டை மாட்டியாகிவிட்டது.

பல மாதம் கழித்துப் பதில் வந்தது. கிடையாது என்று. ஐம்பது வருடத்துக்கு முன்னாலேயே ஒரு ஆங்கிலேயர் இதையே செய்து, இங்கேயும் இந்தியாவிலும் பதிந்திருக்கிறார். அதன் பெயர் ஸ்பிராக். அந்தச் சொல்லை நான் கேள்விப்பட்டதே இல்லை. எண்ணைக் குறித்துக்கொண்டு போய் அந்தத் தாளை எடுத்தேன். நான் வேலை செய்த இடத்திலிருந்து நான்கு அலமாரி தள்ளி இருந்தது. "வண்டி ஏற்றத்தில் பின்னால் உருளாமல் தடுப்பவை" என்ற வகையில். பெயரை விட்டுவிட்டு வேலையைத் தேடியிருந்தால் அரை மணியில் கிடைத்திருக்கும். படத்தில் அதே கட்டை, அதே சங்கிலி. அண்ணனுடைய சங்கிலி கொஞ்சம் நன்றாகவே இருந்தது.

இன்றைக்கு நான் நல்ல வாத்தியார் என்று சொல்கிறார்கள். அந்தப் பாடத்தை எங்கே கற்றேன் என்று எவரும் கேட்டதில்லை.

4

அந்தப் பதிலின் நகலை அண்ணன் எனக்கு அனுப்பினார். கூட ஒரு சின்னக் கடிதம். "வக்கீல் இங்கிலீசில் ஏதேதோ சொல்கிறார். இனி என்ன செய்ய என்று நீ ஒரு வரி எழுது. நீ சொன்னால் சரி."

அந்த வாரம் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். ஹெலனின் பள்ளியில் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் தமிழ் பேசாதீர்கள், பிள்ளைக்குக் குழப்பமாகிறது என்றார்கள். குழப்பமாம். அதோடு அண்ணன் முன்னால் தப்புச் செய்துவிட்ட அவமானம். தப்பை ஒப்புக்கொண்டு இரண்டு பக்கம் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஏர்மெயில் தாளை விரித்து, பாதி கூட நிரப்பாமல் எழுதினேன்.

"அண்ணே, உங்களுக்கு இதில் உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விட்டுவிடுங்கள்."

அவ்வளவுதான் விஷயம். அதற்குக் கீழே நலம் விசாரித்திருந்தேன்.

நான் நினைத்து எழுதியது என்ன? மற்றவர்களைத் தடுக்கும் உரிமை உங்களுக்குக் கிடைக்காது, விண்ணப்பத்தை விட்டுவிடுங்கள் என்று. அண்ணன் படித்தது என்ன? அதைச் செய்யவும் மாட்டவும் உனக்கு உரிமை இல்லை, விட்டுவிடு என்று. அவர் படித்ததுதான் தமிழ். நான் எழுதியது ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழ் எழுத்தில் போட்ட குப்பை. ஊரில் ஒருவனுக்கு நிலத்தில் உரிமை இல்லை என்றால் அவன் அதில் கால் வைக்கக் கூடாது என்றுதான் அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை.

அந்த ஆங்கிலேயரின் பேட்டண்டு காலம் முடிந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அண்ணன் ஒன்பது லாரிக்கு என்ன, ஒன்பதாயிரம் லாரிக்கு மாட்டியிருக்கலாம். ஒருவரும் கேட்க முடியாது. அதற்குள் நான் வகுப்பு எடுக்க ஆரம்பித்திருந்தேன்; அதே வாரம் வகுப்பில் அதைத்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். வக்கீல்கள் குறித்துக்கொண்டார்கள். சொந்த அண்ணனுக்கு எழுதவில்லை.

5

சவேரி போன செய்தி ஒரு மாதம் கழித்து மதினியின் கடிதத்தில் வந்தது. அவள் மிஷன் பள்ளியில் படித்தவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். பேசுகிற மாதிரியே எழுதுவாள். அந்தக் கடிதத்தை அப்படியே தருகிறேன்.

"தெரசு, எங்க அண்ணன் போயிருச்சு. ஒனக்கு எப்பிடி எழுதுறதுன்னு தெரியல. மழ நாளு. பஸ்ஸு எதுக்க வந்துச்சுன்னு லாரிய நிப்பாட்டிருக்காக. டிரைவரு கட்டைன்னு சத்தம் போட்டுருக்காரு. அண்ணன் குதிச்சுச்சு. கட்டைய ஒழுங்காப் பிடிக்க வெரல் இல்லையே. வழுக்கிருச்சு. சக்கரம் ஏறிருச்சு.

ஒங்க அண்ணன் சாப்புடல. தொங்குற கட்டைய ஒம்பது லாரிலயும் அவுக கையாலதான் கழட்டுனாக. சர்க்கார் உரிமை இல்லன்னுருச்சு, மாட்டுனா லாரிக்காரவுக பெர்மிட்டு போயிரும்னு சொல்லிக் கழட்டுனாக. எங்க அண்ணன் கழட்டாதீக மாப்ளன்னு சண்ட போட்டுச்சு. அதுக்கு ஒன் லெட்டரத்தான் எடுத்துக் காட்டுனாக. லண்டன்ல அந்த ஆபீசுலேயே இருக்கவ எழுதிருக்கா, தப்பா இருக்குமா மச்சான்னாக. அதுக்கப்புறம் எங்க அண்ணன் சண்டைய விட்டுருச்சு. நீ எங்களுக்காக எம்புட்டு அலஞ்சிருப்ப. ஒன்னால ஆனத நீ செஞ்ச. எங்க நேரம்."

சமையலறையில் நின்றுகொண்டு படித்தேன். என் வீட்டுக்காரர் என்ன என்றார். ஊரில் ஒரு சாவு என்றேன். யாருக்கு என்றார். லாரிக் கிளீனர் என்றேன். அவர் திரும்ப ரேடியோவைக் கேட்கப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. நான் சொன்ன விதம் அப்படி.

பதினொரு மாதம் நான் உண்மையைச் சொல்லவில்லை. நியாயம் எல்லாம் வைத்திருந்தேன். சொன்னால் அண்ணன் என்ன ஆவார்? சர்க்கார் கழற்றச் சொன்னது, கழற்றினேன் என்று இருக்கிறார். யாரும் கழற்றச் சொல்லவில்லை, நீங்களாகக் கழற்றினீர்கள் என்று எப்படிச் சொல்வது? தன் கையாலேயே மச்சானைக் கொன்றதாக அல்லவா நினைப்பார்? அதனால் பேசாமல் இருப்பதுதான் பாசம் என்று வைத்துக்கொண்டேன்.

பொய். எனக்கு அண்ணன் வேண்டும். அதுதான் காரணம். மாதம் ஒரு கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். "உன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை தாயி" என்று முடிப்பார். இந்த ஊரில் பிள்ளை என் மொழி பேசவில்லை, புருஷனுக்கு என் ஊர் தெரியாது. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அதை இழக்கப் பயந்துகொண்டு, பெருமாள்மலை லாரிகளில் இன்னும் ஆட்கள் கட்டையோடு குதித்துக்கொண்டிருப்பதைத் தெரிந்தே விட்டேன்.

6

அந்த மெட்ராஸ்காரர் வகுப்பு முடிந்து தேநீர் குடிக்கும்போது பக்கத்தில் வந்தார். தமிழில் பேசினார்.

"நீங்க சொன்னது ரொம்ப உபயோகமா இருந்ததும்மா. காலாவதியானா யாரு வேணும்னாலும் செய்யலாம்னு எங்க ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. கோர்ட்டுக்கு இழுப்பாங்கன்னு பயந்துக்கிட்டுச் சும்மா இருப்பாங்க."

"யாராவது சொல்லித் தொலைக்கணும்ல" என்றேன்.

"அதான் நீங்க இருக்கீங்களே" என்றார். நல்ல மனுஷன். கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து எழுதினேன். இந்தத் தடவை ஆறு பக்கம். தேடும்போது செய்த தப்பு, அந்த ஒரு வரி, அதன் அர்த்தம், பதினொரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம். "நீங்கள் கழற்றியிருக்க வேண்டியதில்லை. கழற்றியது என் எழுத்து. நாளைக்கே திரும்ப மாட்டுங்கள். ஒருவரும் தடுக்க முடியாது" என்று எழுதினேன். அந்த ஆங்கிலேயரின் தாளையும் நகல் எடுத்து வைத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவார். அது எனக்கு வேண்டாம்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில்தான் பத்திரிகைக்கு இதை எழுத ஆரம்பித்தேன். கொடைக்கானல் மலை மட்டுமா மலை? ஊட்டியிலும் ஏற்காட்டிலும் வால்பாறையிலும் கிளீனர்கள் குதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகையால் லாரி வைத்திருப்பவர்களும் பட்டறைக்காரர்களும் கேளுங்கள். நல்ல வைரம் பாய்ந்த கருவேலங்கட்டையை ஆப்பு மாதிரி சீவுங்கள். அகலம் சக்கரத்தைவிடக் குறையக் கூடாது. அடியில் இரும்புப் பட்டை அடித்து, அது வழுக்காமல் இருக்கக் குறுக்கே வெட்டுப் போடுங்கள். இரண்டு பின்சக்கரத்துக்கும் ஒவ்வொரு கட்டை. ஒவ்வொன்றையும் இரண்டு சங்கிலியால் பின் அச்சோடு கட்டுங்கள். விழும்போது கட்டை சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால் தரையில் படிய வேண்டும், சங்கிலி அந்த அளவுதான். மேலே தூக்கிப் பிடிக்க ஒரு கயிறு, டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கொக்கி. வெறும் லாரியில் பத்துத் தடவை பார்த்துவிட்டுப் பாரம் ஏற்றுங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இதைச் செய்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. உரிமை இருக்கிறது என்று இந்தத் தடவை தமிழில் எழுதியிருக்கிறேன்.

இவ்வளவையும் எழுதி முடித்தபோது நேற்றுத் தபால் வந்தது. மதினியின் எழுத்து.

"லெட்டர் கெடச்சுது. அவுக ரெண்டு தடவ படிச்சாக. மூணு நாளு பட்டறை தொறக்கல. நாலாம் நாள் வெள்ளனே எந்திரிச்சுப் போயி பரண்ல கெடந்த கட்டையெல்லாம் எறக்குனாக. நாலு லாரிக்கு மாட்டியாச்சு. மத்ததுக்குச் சங்கிலி வரணும். ஒரு பதில் போடுங்கன்னு சொன்னேன். வேணாம்னுட்டாக. நானும் இதோட நிறுத்திக்கிறேன். எங்க அண்ணன் அன்னைக்குச் சண்ட போட்டது சரின்னு தெரிஞ்சதே போதும். நீங்க நல்லா இருங்க."

பத்தொன்பது வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தவள். எனக்குத் தலை பின்னி, பேன் பார்த்து, என்னை அடித்தும் இருக்கிறாள். 'நீ, வா, போ' தவிர வேறு மாதிரி என்னைக் கூப்பிட்டதே இல்லை. முதல் தடவையாக 'நீங்க' என்று எழுதியிருக்கிறாள்.